குறைந்த விலை, குறைந்த எடை லேப்டாப்: வாங்கும் முன் எடைபோடுவது எப்படி?

அக்கா மகள் பி.காம் சேர்ந்த வருஷம், அவளுக்கு லேப்டாப் பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாமா, தினமும் பஸ்ல தூக்கிட்டுப் போகணும், கனமா மட்டும் வேண்டாம்" என்றாள் அவள். இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்றாள் அக்கா. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று அகப்பட்டது. இன்டெல்லின் மலிவு ரகமான செலரான் பிராசசர், 4 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு, எடை ஒன்றேகால் கிலோ. பார்க்க லட்சணமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

ஏழாவது மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு போன். அசைன்மென்ட்டை சேவ் செய்ய முடியவில்லை, இடமில்லை என்கிறதாம். "அப்படி என்னத்தப் போட்டு வச்சிருக்க?" என்றேன். "ஒண்ணுமே போடல மாமா, அதுவா அப்டேட் ஆகி நிறைஞ்சிருச்சு." அவள் சொன்னது உண்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பலகையில் பெரியதாக ஒன்றை மாட்டிவிடலாம் என்று பின்மூடியைக் கழற்றினால், உள்ளே மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. ரேம், சேமிப்பு எல்லாம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தன, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தன. பத்து ஸ்க்ரூவையும் திருப்பி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து யார் லேப்டாப் பற்றிக் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எதைப் பின்னால் மாற்றலாம், எதை மாற்றவே முடியாது? மாற்ற முடியாததற்குத்தான் இப்போது காசு கொடுக்க வேண்டும். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

படி 1: என்ன வேலை என்று எழுதுங்கள்

"சாதாரண யூஸ்தான்" என்று சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது, உங்களுக்கும் புரியாது. ஒரு தாளில் எழுதுங்கள். பிரவுசரில் ஒரே நேரத்தில் எத்தனை டேப் திறந்து வைப்பீர்கள்? வீடியோ கால் உண்டா? எக்செல்லில் ஐம்பது வரியா, ஐயாயிரம் வரியா? விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது கட்டாயம் வேண்டுமா?

கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. பி.காம் என்றால் டேலி என்ற கணக்கு மென்பொருள் வரும். கம்ப்யூட்டரில் நிறுவும் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக்கிலோ, ஆண்ட்ராய்டு வகை லேப்டாப்பிலோ அதை அப்படியே ஏற்ற முடியாது. நல்லவேளையாக நான் வாங்கியது விண்டோஸ், அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஜியோபுக். 2023இல் வந்த மாடல் 990 கிராம், வந்தபோது விலை 16,499 ரூபாய். 11.6 அங்குலத் திரை, மீடியாடெக் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, சிம் போட்டுக்கொள்ளும் வசதி. எடையையும் விலையையும் மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் உள்ளே இருப்பது போன் வகை சிப், ஓடுவது ஜியோவின் சொந்த இயங்குதளம். பள்ளிப் பிள்ளைக்கு வீடியோ பாடம், பிரவுசர், டைப்பிங் என்றால் சரி. கணக்கு மென்பொருள் வேண்டும் என்றால் வீண். ஒரே பொருள்தான், தாளில் எழுதிய நாலு வரியைப் பொறுத்து அது நல்ல பேரமாகவும் ஆகும், தண்டச்செலவாகவும் ஆகும்.

படி 2: ரேமும் சேமிப்பும் (இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்)

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. மலிவு லேப்டாப் செய்கிறவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அட்டைப்பெட்டியில் "விண்டோஸ் 11" என்று அச்சடிக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் நிறுவ முடியும் என்பது வேறு, வேலை செய்ய முடியும் என்பது வேறு.

நடப்பது இதுதான். லேப்டாப்பை ஆன் செய்து ஒன்றையும் திறக்காமல் விட்டாலே, விண்டோஸும் அதன் பின்னணி வேலைகளும் இரண்டரை மூன்று ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததும் மிச்சம் தீர்ந்துவிடும். ரேம் தீர்ந்தால் விண்டோஸ் நின்றுவிடாது. கொஞ்ச நேரமாகத் தொடாதவற்றை எடுத்துச் சேமிப்பில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். சேமிப்பு வேகமானது என்றால் இது நமக்குத் தெரியவே தெரியாது. மெதுவானது என்றால், ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை வெள்ளையாகி நிற்கிற அந்த நாலு நொடி.

அந்தச் சேமிப்பில்தான் இரண்டு ஜாதி. ஒன்று இஎம்எம்சி. பழைய போன்களில் இருந்த அதே சங்கதி. இதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான், நடைமுறையில் அதற்கும் கீழே. மற்றொன்று என்விஎம்இ எஸ்எஸ்டி. மலிவானதே நொடிக்கு 1,500 எம்பிக்கு மேல் போகும். வேகத்தைவிட முக்கியமானது, இஎம்எம்சி போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூவில் கழன்று வரும் சின்னப் பலகை. 128 ஜிபி இஎம்எம்சியா, 128 ஜிபி எஸ்எஸ்டியா என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி. கடையில் இரண்டையுமே "எஸ்எஸ்டி சார்" என்றுதான் சொல்வார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, பல பேருக்குத் தெரியாது.

64 ஜிபி ஏன் நிறைகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 64 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் எண்ணும் கணக்கில் அது 60க்குள்தான் வரும். விண்டோஸ் இருபது முப்பது ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபியைத் தனியே ஒதுக்கியும் வைக்கும். ஆஃபீஸ், பிரவுசர், வகுப்புக்கான செயலிகள் வந்து உட்கார்ந்ததும், மிச்சம் ஒரு பெரிய அப்டேட்டுக்குப் போதாது. அப்டேட் பாதியில் நின்று, அடுத்த வாரம் திரும்ப முயன்று, திரும்ப நிற்கும். அக்கா மகளுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே என் கோடு இது: ரேம் 8 ஜிபி, சேமிப்பு 256 ஜிபி எஸ்எஸ்டி. இதற்குக் கீழே விண்டோஸ் லேப்டாப் வாங்காதீர்கள். ரேம் சால்டர் ஆகியிருந்தால் இந்த 8 ஜிபியோடுதான் கடைசிவரை காலம் தள்ள வேண்டும். ரேம் சொருகும் காலி இடம் (ஸ்லாட்) ஒன்று இருந்தால் பிறகு இன்னொரு 8 ஜிபி போட்டு இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம். விலை ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் ஸ்லாட் இருப்பதை எடுப்பதே லாபம்.

படி 3: பிராசசர் பெயரைப் படிப்பது

இந்தப் பெயர்களை வேண்டுமென்றே குழப்பி வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். இரண்டு தந்திரம் தெரிந்தால் போதும்.

இன்டெல்லில், எண்ணுக்கு முன்னால் "என்" வருகிறதா, பின்னால் "யு" வருகிறதா என்று பாருங்கள். என்100, என்200, கோர் ஐ3 என்305 எல்லாம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறிய கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும் உள்ளவை. ஐ3 1215யு போன்றவற்றில் இரண்டு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் உண்டு. "ஐ3" என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழைய செலரான் என்4020இல் இரண்டே கோர். அது 2019இல் வந்த சரக்கு, இன்னும் புது லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். 2023இல் வந்த என்100 பரவாயில்லை. நான்கு கோர், சூடு குறைவு, பிரவுசருக்கும் டைப்பிங்குக்கும் போதும்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில், 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3. முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் ஆறு. பெயரில் வித்தியாசம் பத்துதான், உள்ளே இருப்பது வேறு ஆள். ரைசன் 3 7320யுவுக்கும் ரைசன் 5 7520யுவுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். அந்த "5"க்காகப் பெரிதாகக் காசு கொடுக்காதீர்கள். இந்த இரண்டிலும் ரேம் போர்டோடு சால்டர் ஆகித்தான் வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபியா 16 ஜிபியா என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், அன்றாட வேலைக்கு என்100 பிராசசரும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப், ஐ3 பிராசசரும் 4 ஜிபி ரேமும் உள்ளதைவிட நிம்மதியாக ஓடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பிராசசர். நம் பொறுமையைச் சோதிப்பது ரேம்.

படி 4: எடை

அட்டையில் எழுதியிருப்பது லேப்டாப்பின் எடை மட்டும். நீங்கள் தூக்கப்போவது லேப்டாப், சார்ஜர், பை மூன்றையும். உருளைப் பின் வைத்த வழக்கமான சார்ஜர் வயரோடு சேர்த்து 200 முதல் 300 கிராம் வரும். 1.2 கிலோ லேப்டாப்புக்கு அந்தச் சார்ஜரைச் சுமந்தால் ஒன்றரைக் கிலோ. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் கைக்கடக்கமான சார்ஜர் ஒன்று போதும், போனுக்கும் அதுவே ஆகும். ஆனால் டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று நினைக்காதீர்கள். சில மலிவு மாடல்களில் அது பென்டிரைவ் சொருக மட்டும்தான்.

சுமாராக, 11.6 அங்குலம் என்றால் 1 முதல் 1.3 கிலோ, 14 அங்குலம் என்றால் 1.3 முதல் 1.5, 15.6 அங்குலம் என்றால் 1.6 முதல் 1.8. தண்ணீர் நிறைத்த ஒரு லிட்டர் பாட்டிலோடு ஒரு தடித்த புத்தகத்தைப் பையில் போட்டு ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ என்றால் என்ன என்று தோள் சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால் 14 அங்குலம்தான். 11.6இல் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை பார்க்க முடியாது, கீபோர்டும் குறுகிவிடும். இது இன்று நேற்றுக் கதை இல்லை. 2007இல் அசூஸ் ஈ பிசி வந்தபோது 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் கீழே எடை. உலகமே நெட்புக் நெட்புக் என்று பறந்தது. சில வருஷத்தில் அந்த இனமே காணாமல் போனது. எடையைக் குறைக்க எதையெல்லாம் வெட்டினார்களோ, அதெல்லாம்தான் தினமும் கைக்கும் கண்ணுக்கும் வேண்டியவை.

படி 5: திரை, கீபோர்டு, பேட்டரி

திரையில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள் இருக்க வேண்டும். 1366 பெருக்கல் 768 என்றால் தமிழ் எழுத்தின் சுழிகள் கரடுமுரடாகத் தெரியும். ணகர னகரத்தை உற்றுப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும். ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். விலை குறைந்த டிஎன் திரையைச் சற்றுச் சாய்த்தாலே நிறம் தலைகீழாகிவிடும். வெளிச்சம் பெரும்பாலும் 220, 250 நிட்ஸ்தான் இருக்கும். வீட்டுக்குள் போதும், ஜன்னலோர பஸ் சீட்டில் போதாது.

பேட்டரிக்கு "11 மணி நேரம்" என்று போட்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு, வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) எத்தனை என்று பாருங்கள். அது லேப்டாப்பின் அடியிலோ விவரப் பட்டியலிலோ இருக்கும். சாதாரணமாகப் பிரவுசர், டைப்பிங் செய்தால் 7, 8 வாட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட்-அவர் பேட்டரி என்றால் ஐந்து மணி நேரம். வீடியோ கால் என்றால் இன்னும் குறையும்.

படி 6: கடையில் கால் மணி நேரம்

ஆன்லைனில் வாங்குவதானாலும், ஒரு தரம் கடைக்குப் போய் அதே மாடலைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், காட்சிக்கு வைத்திருப்பதே அதற்குத்தான்.

முதலில் மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறங்கள். திரை முறுகி நெளிந்தால் கீல் இரண்டு வருஷம் தாங்காது. பிறகு கீபோர்டின் நடுவில், ஜி, எச் எழுத்துகளுக்கு மேல், விரலால் அழுத்துங்கள். பலகை முழுக்கப் பள்ளமாக உள்ளே போய் வந்தால் தட்டச்சு செய்யும்போது எரிச்சலாக இருக்கும். நோட்பேடைத் திறந்து நாலு வரி தட்டுங்கள். தமிழ்99 பழகியவர் என்றால் ஷிஃப்ட் விசையும் வலது பக்க விசைகளும் முழு அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சின்ன லேப்டாப்களில் வலது ஓரத்தைத்தான் முதலில் சுருக்குவார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த படி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால், கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். அதில் சோடிம் என்று இருந்தால் ரேம் கழற்றக்கூடியது. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் சால்டர் செய்தது. பக்கத்திலேயே மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். அப்படியே டிஸ்க்கைத் தட்டுங்கள். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் என்விஎம்இ என்று அங்கேயே தெரியும். ஒரு முறை நான் இதைச் செய்தபோது கடைப்பையனும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது எங்களுக்கே தெரியாதே" என்றான்.

பில் போடும் முன் இரண்டு கேள்வி: திரும்பக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், வாரண்ட்டி வேலையை எந்த ஊர் சர்வீஸ் சென்டரில் பார்ப்பார்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது சொன்னால், வாரண்ட்டியும் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பழையதையும் ஒரு கண் பாருங்கள்

பட்ஜெட் இருபதாயிரம்தான், கூட்டவே முடியாது என்றால், புது செலரானை விட நல்ல செகண்ட் ஹேண்ட் மேல் என்பேன். கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் குவிந்து கிடக்கும். லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிடியூட், ஹெச்பி எலைட்புக் வரிசைகளில் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோ எடையில், கீபோர்டும் கீலும் உறுதியான மாடல்கள் கிடைக்கும்.

இன்டெல் 8வது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பிராசசர் எண் 8250யு, 8350யு என்று 8இல் ஆரம்பித்தால் 8வது தலைமுறை.

ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். விண்டோஸைப் புதிதாக நிறுவி, இணையத்தில் இணைத்தபின் ஏதாவது கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டாலும் வேண்டாம். அது இன்னும் பழைய கம்பெனியின் கணக்கிலிருந்து விடுபடவில்லை. பேட்டரி தேய்ந்துதான் இருக்கும். புது பேட்டரியின் விலையைக் கேட்டு, அதையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

ஏற்கெனவே 4 ஜிபி வாங்கிவிட்டீர்களா?

தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் எஸ் மோடில் இருந்தால் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டும்தான் ஏற்ற முடியும். செட்டிங்ஸில் இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம், திரும்பப் போக முடியாது, போகவும் வேண்டாம். கூடவே வந்த சோதனைக் கால ஆன்டிவைரஸை நீக்குங்கள், விண்டோஸோடு வருவதே போதும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் உங்களுக்குத் தேவையில்லாததை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஃபைல்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் அக்கா மகளின் லேப்டாப் ஆறு மாதம்தான் ஓடியது. அதற்குப் பிறகு பணம் சேர்த்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8வது தலைமுறை லேப்டாப் ஒன்று எடுத்தோம். இந்த முறை டாஸ்க் மேனேஜரைத் திறந்தது அவள்தான். பழையதில் விண்டோஸை அழித்துவிட்டு லுபுண்டு என்ற, சின்ன லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும் லினக்ஸ் வகை இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். அதே 4 ஜிபி, அதே இஎம்எம்சி. இப்போது அது அக்காவின் அடுக்களையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யூடியூபில் சமையல் வீடியோ திக்காமல் ஓடுகிறது.